ஜட்ஜம்மாவிடம் பூங்கொடி கேட்டது

1

இது கதையாக எழுதத் தொடங்கியது அல்ல. 2009-ல் காரைக்கால் வழக்கறிஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவர நினைத்தார்கள். அதில் ‘நீதிபதியும் மக்கள் பிரதிநிதியும்: மங்கையர்க்கரசி அம்மையாரின் வாழ்வும் பணியும்’ என்று ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். தலைப்பை அவர்களே வைத்துவிட்டார்கள். இரண்டு பக்கம், நடுவில் படத்துக்கு இடம் விட வேண்டும், சர்ச்சை எதுவும் கூடாது. நானும் ஒத்துக்கொண்டேன். பள்ளி ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர் என்று எழுதிப் பழகிய கை. உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

தகவல் சொல்ல ஒருவரைக் காட்டினார்கள். ஜெகபர் சாதிக். திருமலைராயன்பட்டினத்துக்காரர். மங்கையர்க்கரசி வக்கீலாக இருந்த காலத்தில் அவரிடம் ஜூனியராக இருந்தவர், பிற்பாடு அவருடைய தேர்தல் ஏஜென்ட். பிறந்தது, படித்தது, வகித்த பதவிகள் எல்லாவற்றையும் மளமளவென்று சொல்லிக்கொண்டு வந்தவர், கோட்டுச்சேரிமேட்டில் நடந்த ஒரு தேர்தல் கூட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

“இத எழுதாதீங்க சார். ஆனா இது இல்லாம நீங்க எத எழுதுனாலும் அது அவங்க இல்ல.”

எழுதாதே என்கிறாரா, எழுது என்கிறாரா? அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. மலர் வெளிவரவே இல்லை. கட்டுரை என் கையில் கெட்டுப்போய் இப்படி ஆகிவிட்டது.

(நீதிமன்றத்தின் பெயரையும் கட்சியின் பெயரையும் எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்றும் சொல்லமாட்டேன். ஏனென்றால் தெரிந்தவர்கள் என்று நான் நினைப்பவர்களும் இதில் பாதியைத்தான்... வேண்டாம், இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.)

2

தொடக்கம், முதல் வரைவு:

‘திருமலைராயன்பட்டினத்தில் மீன் வியாபாரம் செய்துவந்த முத்தையனின் மகளாகப் பிறந்து, தம் அயராத உழைப்பால்...’

அயராத உழைப்பு என்று எழுதியதும் எனக்கே அயர்ந்துவிட்டது. மலர்களில் எல்லாரும் அயராமல்தான் உழைக்கிறார்கள்.

இரண்டாம் வரைவு:

‘கருவாட்டு வாசனையோடு வகுப்புக்குள் நுழைந்த அந்தச் சிறுமியைப் பார்த்து மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள்.’

இதைச் சாதிக்கிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார். “அவங்க அப்பாவுக்கு ஐஸ் லாரி ஓடுச்சு சார். இவங்க ரிக்‌ஷால பள்ளிக்கூடம் போனவங்க. யாரு மூக்க பொத்துனா?”

ஆக, நான் பார்க்காத ஒரு வறுமையை அவர் மேல் ஏற்றப் பார்த்திருக்கிறேன். சாதாரணமாகச் சொல்லிவிடுகிறேன். வசதியான வீட்டுப் பெண். சென்னையில் சட்டம் படித்துவிட்டுக் காரைக்கால் திரும்பியபோது, கோர்ட்டில் இன்னும் சில கிழவர்கள் பிரெஞ்சுக்காரன் சட்டத்தில் பழகியவர்களாக இருந்தார்கள். பத்திரம் எழுதும் அதிகாரியை ‘நொத்தேர்’ என்றுதான் சொல்வார்கள். அவர்கள் இவரை ‘பாப்பா’ என்று கூப்பிட்டார்கள். சில வருடங்களில் அந்தப் பாப்பாவின் குறுக்கு விசாரணைக்குப் பயந்து வாய்தா வாங்க ஆரம்பித்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பதைத் தாண்டியபோது நீதிபதியானார். இழுத்தடிக்கமாட்டார், நீட்டி எழுதமாட்டார். தண்டனை வாசிக்கும்போது பல நீதிபதிகள் காகிதத்தைப் பார்ப்பார்கள். இவர் கூண்டில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வார்.

ஒரு விஷயம். ‘அவர்’ என்று எழுதினால் மலர் வாசம் வருகிறது. ‘அவள்’ என்று எழுதினால்தான் அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்து நடக்கிறாள். நேரில் யாரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள். கதைக்குள் நான் துணிகிறேன்.

3

2002-ல் ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம், கோட்டுச்சேரிமேட்டுக் கரையில் சண்டை வந்தது. சின்ன மீனையும் சேர்த்து வாரிவிடும் ஒரு பெரிய வலையைப் போடலாமா கூடாதா என்று ஊரே இரண்டாகப் பிரிந்திருந்தது. வாய்ச்சண்டை கைகலப்பானது. கைகலப்பில் கருப்பையன் என்பவன் தலையில் துடுப்படி விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

துடுப்பு யாருடைய கையில் இருந்தது? எதிர்ப்பக்கத்து மீனவன் முத்துக்குமரன் கையில் என்று சொன்னவள் கருப்பையனின் அக்கா பெரியநாயகி. இன்னொரு சாட்சியும் அப்படித்தான் போலீசில் சொல்லியிருந்தான். கோர்ட்டுக்கு வந்ததும் இருட்டாக இருந்தது, சரியாகப் பார்க்கவில்லை என்று மாற்றிச் சொல்லிவிட்டான். மிச்சம் இருந்தது பெரியநாயகி ஒருத்திதான்.

“இருட்டுல எப்படிம்மா தெரிஞ்சுது?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

“எங்க ஊர்ல ஆள நடையில கண்டுபிடிச்சிருவோம். நான் அவன் முழு உருவத்தப் பாத்தேன்.”

மங்கையர்க்கரசி அவளை நம்பினாள். இங்கே ‘ஏதோ ஒரு சந்தேகம் மனதின் மூலையில் உறுத்தியது’ என்று எழுத என் கை துடிக்கிறது. எழுதினால் கதை எளிதாகிவிடும். ஆனால் சாதிக் சத்தியம் செய்து சொல்கிறார், அவளுக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இருந்த வழக்குகளில் எத்தனையோ பேரை விட்டிருக்கிறாள். இதில் இல்லை. முத்துக்குமரனின் முகத்தைப் பார்த்து ஆயுள் தண்டனை என்று சொன்னாள். அவன் கும்பிட்டான். எதற்குக் கும்பிட்டான் என்பது யாருக்கும் விளங்கவில்லை.

கோர்ட் வாசலில் அவன் மனைவி பூங்கொடி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். அழவில்லையாம்.

4

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த நாளைப் பற்றி எங்கள் கடற்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: கடல் ஊருக்குள் வந்தது.

பூங்கொடி அப்போது காரைக்கால் மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். மாமியாரும் ஐந்து வயது மகனும் கோட்டுச்சேரிமேட்டில், வீட்டில் இருந்தார்கள். இருவரையும் மறுநாள்தான் கண்டெடுத்தார்கள். முத்துக்குமரன் சிறையில் இருந்தான். போலீஸ் காவலோடு கூட்டிவந்து, கொள்ளிவைக்கக்கூட வழியில்லாமல் குழியில் மண் தள்ளச் சொல்லி, திரும்பக் கொண்டுபோனார்கள்.

இலவச சட்ட உதவி சம்பந்தமாக நீதிபதிகள் முகாம்களுக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. மங்கையர்க்கரசி ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனாள். மணமேடையில் பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. தரையெங்கும் ஆட்கள். அதில் ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்திருந்த பெண் எழுந்து நேரே அவளிடம் வந்தாள். மங்கையர்க்கரசிக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

பூங்கொடி சொன்னது இதுதான்:

“நல்லவேளை ஜட்ஜம்மா, நீங்க அவர உள்ள போட்டீங்க.”

சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நன்றியா? சாபமா? குரலைக் கேட்டவர்களை விசாரித்தேன். ஒருவர் ‘மனசார சொன்னா’ என்றார். இன்னொருவர் ‘குத்திக் காட்டுனா’ என்றார். சாதிக் மட்டும், “அவளுக்கே தெரிஞ்சிருக்காது சார்” என்றார். அவன் வீட்டில் இருந்திருந்தால் அலையில் அவனும் போயிருப்பான். இல்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான். இரண்டில் ஒன்று. எது என்பதைச் சொல்ல எந்த மேல்முறையீடும் கிடையாது.

மங்கையர்க்கரசி அன்றைக்குக் காரில் ஏறிய பிறகு, சட்ட உதவி வக்கீலாகக் கூட வந்திருந்த சாதிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “நான் அவனுக்குக் குடுத்தது என்ன சாதிக்கு?”



5

மறு வருடம் உயர் நீதிமன்றம் முத்துக்குமரனை விடுதலை செய்தது. பொழுது சாய்ந்த வெளிச்சத்தில், கூட்டத்தில், ஒருத்தியின் பார்வையை மட்டும் நம்ப முடியாது, அதுவும் இறந்தவனின் சொந்த அக்கா. சந்தேகத்தின் பலன் அவனுக்கு. அவன் ஊருக்குத் திரும்பினான். வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது.

அடுத்த சில வாரங்களில் மங்கையர்க்கரசி வேலையை ராஜினாமா செய்தாள். பணிக்காலம் இன்னும் பாக்கி இருந்தது.

ஏன்? மூன்று காரணங்களை எழுதி மூன்றையும் அடித்திருக்கிறேன்.

அவள் தன் தீர்ப்பு தப்பு என்று மனம் உடைந்தாள். (இல்லை. மேல்கோர்ட் தீர்ப்பைப் படித்துவிட்டு, “சட்டப்படி சரி. ஆனா அவங்க பெரியநாயகியப் பாக்கல, நான் பாத்தேன்” என்றாளாம்.)

அவளுக்கு அரசியல் ஆசை முன்பே இருந்தது. (இருக்கலாம். ராஜினாமாவுக்கும் கட்சியில் சேர்ந்ததற்கும் நடுவில் அதிக இடைவெளி இல்லை. ஊரில் பெரும்பாலோர் இதைத்தான் நம்புகிறார்கள்.)

நாற்காலியில் உட்கார்ந்து ஆட்களின் விதியை எழுதுவதைவிட, இறங்கி அவர்களுக்கு ஒரு குழாயாவது போட்டுக்கொடுக்கலாம் என்று... (இது மேடைப் பேச்சு. அவளே தேர்தலில் இப்படிப் பேசியிருக்கிறாள். அதனாலேயே நான் நம்பவில்லை.)

மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும் என்று சொல்லி நழுவிவிடலாம். வாசகர்கள் அதை ஆழம் என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் எனக்குத் தெரியவில்லை.

6

2006 தேர்தல். கட்சி அவளுக்குக் கடலோரத் தொகுதி ஒன்றைக் கொடுத்தது. மேடும் அதற்குள் வந்தது.

அவள் ஓட்டுக் கேட்கத் தெரியாதவள். வீடு வீடாகப் போனால் கும்பிடுவாள், ‘என்ன குறை?’ என்று கேட்பாள், சொல்வதை முழுக்கக் கேட்பாள், பிறகு, “இது என்னால முடியும், இது முடியாது” என்று சொல்வாள். கட்சிக்காரர் அருள்மணி தலையில் அடித்துக்கொள்வார்.

“முடியாதுன்ற வார்த்தைய எதுக்கும்மா சொல்றீங்க? பாத்துக்கலாம்னு சொல்லுங்க. பாக்கறதுக்கு என்ன காசா பணமா?”

இந்த நேரத்தில், நான் கற்பனையாக எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள், பூங்கொடி வந்தாள். நானும் பிரச்சாரத்துக்கு வருகிறேன் என்றாள். மீன் விற்றுப் பழகிய குரல். ஜீப்பில் ஏறி, “ஜட்ஜம்மாவுக்குப் போடுங்க, ஜட்ஜம்மாவுக்குப் போடுங்க” என்று தெருத்தெருவாகக் கூவினாள். அருள்மணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தண்டனை கொடுத்த நீதிபதிக்கு, தண்டனை பெற்றவன் மனைவியே ஓட்டுக் கேட்கிறாள். இதைவிட என்ன வேண்டும்?

மங்கையர்க்கரசி அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். “நீ எதுக்கு வர்ற?”

“வரக்கூடாதாம்மா?”

“வரலாம். எதுக்குன்னு கேட்டேன்.”

“வீட்ல இருக்க முடியல.” அவ்வளவுதான் சொன்னாள்.

(இந்தப் பாத்திரத்தை நான் கற்பனையில் உண்டாக்கியிருந்தால், அவளுக்கு ஒரு நோக்கம் கொடுத்திருப்பேன். தொகுப்பு வீடு வேண்டும் என்றோ, பழிவாங்கக் காத்திருக்கிறாள் என்றோ. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் பொம்மையாகிவிட்டாள்.)

மேட்டுக் கூட்டத்துக்கு முன்னால் அருள்மணி ஒரு யோசனை சொன்னார். “ஒரே ஒரு மன்னிப்புக் கேட்டுடுங்கம்மா. மேல்கோர்ட்டே சொல்லிருச்சு. ‘தெரியாம நடந்துபோச்சு, என் தம்பி முத்துக்குமரன் என்னை மன்னிக்கணும்’னு ஒரு வார்த்தை. மேடு மொத்தமும் நம்ம பெட்டியில விழும்.”



சாயங்காலம், கோயில் பக்கத்தில் மேடை. கூட்டம் நன்றாக இருந்தது. அவள் பேச ஆரம்பித்துச் சிறிது நேரத்தில், பின்வரிசையிலிருந்து முத்துக்குமரன் எழுந்தான். கூட்டம் அவனுக்கு வழிவிட்டது. மேடைக்குக் கீழே வந்து நின்றான்.

“ஒண்ணு கேக்கணும்மா.”

“கேளுங்க.”

“அன்னைக்கு எனக்கு ஆயுள் போட்டீங்களே. நான்தான் அடிச்சேன்னு நம்பித்தான் போட்டீங்களா?”

மைக் இழுத்த சத்தம் ஒன்றுதான் கேட்டது. அருள்மணி அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, “மன்னிப்பு, மன்னிப்பு” என்று முணுமுணுத்தார். சாதிக் அப்போது மேடைப் படியில் நின்றிருந்தார்.

மங்கையர்க்கரசி அவன் முகத்தைப் பார்த்தாள்.

“நம்பினேன். மேல்கோர்ட் உங்கள விட்டிருக்கு, சட்டத்துக்கு அதுதான் முடிவு, அதுக்கு நானும் கட்டுப்பட்டவ. ஆனா நீங்க கேட்டது என் நம்பிக்கைய. இன்னைக்கும் அப்படித்தான் நம்புறேன்.”

போச்சு, எல்லாம் போச்சு என்று அருள்மணி உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் சலசலப்பு கிளம்பியது. யாரோ செருப்பைக் கழற்றுவதைச் சாதிக் பார்த்தார். முத்துக்குமரன் கையைத் தூக்கி அவனை நிறுத்தினான்.

“வந்ததுலேர்ந்து இந்த ஊர்ல ஒருத்தனும் என் மூஞ்சியப் பாத்து எதுவும் சொல்லல,” என்றான். “செஞ்சேன்னும் சொல்லல, செய்யலன்னும் சொல்லல. நீங்க சொன்னீங்க. சரிம்மா.”

திரும்பி நடந்து போய்விட்டான்.

7

அவள் ஜெயித்தாள். ஓட்டு எண்ணியபோது மேட்டு வாக்குச்சாவடியிலும் அவளுக்குத்தான் அதிகம்.

இதை ஒரு நல்ல முடிவாக எழுதி, நேர்மை வென்றது என்று மங்களம் பாடி, மலருக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பக் கவர்கூட எடுத்துவிட்டேன். ஆனால் விசாரிக்க விசாரிக்கக் குழப்பம்தான் கூடியது. முத்துக்குமரன் தன் ஆட்களைப் போடச் சொன்னான் என்கிறார்கள் ஒரு சாரார். அவன் ஓட்டுப் போடவே போகவில்லை என்கிறார்கள் இன்னொரு சாரார். பெரியநாயகியின் சொந்தக்காரர்கள் மேட்டில் பாதிப்பேர். அவர்களுக்கு அந்த மேடைப் பேச்சு இரண்டாவது தீர்ப்பு மாதிரி, அவர்கள்தான் அள்ளிப் போட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். அப்படியென்றால் அவள் உண்மை பேசி ஜெயித்தாளா, ஒரு பக்கத்துக்குச் சாய்ந்து ஜெயித்தாளா?

அவளுக்கே அது புரியவில்லை என்கிறார் சாதிக். ஜெயித்த அன்று மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, “கோர்ட்ல ஏன் ஜெயிச்சோம்னு தீர்ப்புல எழுதியிருக்கும் சாதிக்கு. இங்க எழுதாமலே குடுத்துட்டாங்க” என்றாளாம்.

*(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: சட்டமன்றத்தில் அவள் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. அம்பகரத்தூர் பக்கம் ஒரு சாலை, மேட்டுக்குக் குடிநீர், மார்க்கெட்டுக்குக் கூரை. மந்திரி பதவி தருவார்கள் என்று பேச்சு இருந்தது, தரவில்லை. மலரில் இந்தப் பகுதிதான் முக்கால் பக்கம் வந்திருக்கும்.)*

8

2007-ல் முத்துக்குமரன் அவளுடைய அலுவலகத்துக்கு வந்தான். வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை. சாதிக்கின் மச்சான் ஒருவர் ஏற்பாடு செய்திருந்தார். பழைய வழக்கைக் காட்டி பாஸ்போர்ட் விசாரணையில் இழுத்தடித்தார்கள். எம்.எல்.ஏ.விடம் ஒரு நன்னடத்தைச் சான்று வாங்கி வந்தால் நகரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

வழக்கமாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கும் வாசகம்தான். ‘மேற்படி நபர் எனக்குத் தெரிந்தவரை நன்னடத்தை உடையவர்.’ ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்குப் போட்டுக் கொடுப்பாள். இதில் மட்டும் பேனா நின்றது.

‘எனக்குத் தெரிந்தவரை’ என்பதை அடித்தாள். மேலே ‘சட்டத்துக்குத் தெரிந்தவரை’ என்று எழுதினாள்.

“அம்மா, அடிச்சுத் திருத்துனா வாங்கமாட்டாங்க,” என்றார் சாதிக். “போட்டா முழுசாப் போடுங்க. இல்லன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. நான் பேசி அனுப்பிடுறேன்.”

பழைய வாசகத்தோடே புதுத் தாள் தட்டச்சு செய்ய ஆள் போனான். முத்துக்குமரன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அப்போது பின்பக்க வாசல் வழியாகப் பூங்கொடி வந்தாள். புருஷன் பார்க்காமல் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“கையெழுத்துப் போடாதீங்கம்மா.”

“ஏன்?”

“போடாதீங்க.”

“காரணம் சொல்லு பூங்கொடி.”

“காரணம் சொன்னாத்தான் கேப்பீங்களா?”

 அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்றாள். வந்த வழியே போய்விட்டாள். புதுத் தாள் வந்தது. மங்கையர்க்கரசி படித்தாள், கையெழுத்துப் போட்டாள், முத்திரை குத்தச் சொன்னாள்.

பிற்பாடு சாதிக் கேட்டிருக்கிறார், ஏம்மா போட்டீங்க என்று. “மனு குடுத்தவன் அவன். அவ மனு குடுக்கலையே,” என்றாளாம். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே திரும்பக் கேட்டவள் மாதிரி முகம் சுளித்தாளாம்.

எனக்கு இந்த இடம்தான் ரொம்பச் சங்கடம். மேடையில் ஓட்டுப் போனாலும் பரவாயில்லை என்று உண்மை பேசியவள், அறைக்குள் ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போடுகிறாள். இல்லை, அது பொய் இல்லை. துடுப்படிச் சம்பவத்துக்கு வெளியே அவன்மேல் ஒரு குறையும் யாரும் சொன்னதில்லை. இல்லை, அவளுக்கு அவன்மேல்...

இந்தப் பத்தியை ஆறேழு முறை திருத்திவிட்டேன். போகட்டும்.

9

அவன் போனான். முதல் வருடம் அடிக்கடி போன் வந்தது. பிறகு அங்கே பெருநாள் விடுமுறைக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. அப்புறம் அதுவும் நின்றது. உயிரோடுதான் இருக்கிறான், வேறு துறைமுகத்துக்கு மாறிவிட்டான் என்று சாதிக்கின் மச்சான் சொன்னார். பார்த்தவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வரும் உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.

2009-ல் ஒரு காலை, மங்கையர்க்கரசி காரைக்கால் மார்க்கெட்டுக்குள் போனாள். புதுக் கூரை ஒழுகுகிறது என்று புகார் வந்திருந்தது. கூட சாதிக். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தவள், கீழே பூங்கொடியின் பலகைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். சான்று கொடுத்த நாளுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை.

பூங்கொடி ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். எழுந்து நின்றாள்.

“ஜட்ஜம்மா, உங்கள ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா.”

“அவரு செஞ்சாரா?”

மங்கையர்க்கரசி அவளையே பார்த்தாள்.

“நான் அவர ஒரு நாளும் கேக்கலம்மா. போலீசு கேட்டுச்சு, நீங்க கேட்டீங்க, மேல்கோர்ட்டு கேட்டுச்சு. நான் சோறு போட்டேன், பாத்துட்டுப் போனேன், கேக்கல. இப்ப கேக்கலாம்னா ஆளு இல்ல. அன்னைக்கு மேடையில நீங்க சொன்னது ஊருக்கு. அத விடுங்க. எனக்கு மட்டும் சொல்லுங்க. அவரு செஞ்சாரா?”

இதுவரைக்கும் கேட்ட சாதிக், அங்கிருந்து நகர்ந்துவிட்டார். “அது அவங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளது சார். நான் நின்னு கேட்டா நல்லாருக்காது. ஐஸ் பெட்டிக்கிட்ட போய் நின்னுட்டேன்.” மங்கையர்க்கரசி ஏதோ சொன்னதைத் தூரத்திலிருந்து பார்த்தார். சின்னதாகத்தான் சொன்னாள், ஒரு வார்த்தையோ இரண்டு வார்த்தையோ. பூங்கொடி தலையாட்டினாள். உட்கார்ந்து மறுபடியும் மீனை வெட்ட ஆரம்பித்தாள். அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று மங்கையர்க்கரசி கட்சிக்கு அந்த வாரமே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

10

என்ன சொல்லியிருப்பாள்?

‘ஆமாம்’ என்று சொன்னதாக எழுதிப் பார்த்தேன். அப்படியென்றால் பூங்கொடி காத்திருப்பதை நிறுத்திக்கொள்ளலாம். கொலைகாரன் ஓடிவிட்டான், அவ்வளவுதான். அது ஒருவகையில் கருணை. ஆனால் அவள் அதற்குப் பிறகு தாலியைக் கழற்றவில்லை, வேறு எதையும் மாற்றவும் இல்லை.

‘இல்லை’ என்று எழுதினேன். மேடையில் ஓட்டுக்காகக்கூடச் சொல்லாத பொய்யை இவளுக்காகச் சொன்னாளா? அல்லது இந்த வருடங்களில் நிஜமாகவே மனம் மாறிவிட்டதா? அது உண்மையென்றால் குற்றமில்லாத ஒருவனை உள்ளே தள்ளினோம் என்று அவள் மீன் கடைக்கு முன்னால் நின்று ஒத்துக்கொள்கிறாள். பூங்கொடிக்கோ, செய்யாதவன் ஏன் வரமாட்டேன் என்கிறான் என்ற வேறொரு கேள்வி முளைக்கிறது.

‘தெரியவில்லை’ என்று எழுதினேன். எனக்குப் பிடித்த பதில் அதுதான். பிடித்திருப்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது. அது என் பதில், அவளுடையது இல்லை.

கடைசியில், நேரிலேயே கேட்டுவிடலாம் என்று திருமலைராயன்பட்டினத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். (பாருங்கள், எதிரில் உட்கார்ந்ததும் ‘அவர்’ ஆகிவிட்டார்.) கூடத்தில் சட்டப் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார், ஏதோ கல்லூரிக்குக் கொடுப்பதற்காக. மலரைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். மார்க்கெட் விஷயத்தைத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். சாதிக் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்ததும் கோபப்படுவார் என்று பயந்தேன். கோபப்படவில்லை.

“நீங்க என்ன எழுதியிருக்கீங்க?”

மூன்றையும் சொன்னேன். ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டார், ஏதோ வாதம் கேட்கிற மாதிரி.

“மூணுமே பதில்தான். தப்புன்னு சொல்லமாட்டேன்,” என்றார். ஒரு புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்தார். இடம் போதாமல் வெளியே எடுத்தார். “ஆனா அவ எதுக்குக் கேட்டான்னு யோசிச்சீங்களா? அவன விட்டுடறதுக்கா, காத்துக்கிட்டு இருக்கறதுக்கா, இல்ல வேற எதுக்காவதா? அத முதல்ல கேட்டிருக்கணும். கோர்ட்டுல ஆயிரம் பேர கேள்வி கேட்டவ நான். அவ ஒரு கேள்வி கேட்டதும், எதுக்குன்னு கேக்காம பதில் சொல்லிட்டேன்.”

“என்ன பதில் சொன்னீங்க?”

“நீங்க எழுதுறவரு. அவ எதுக்குக் கேட்டான்னு உங்களுக்குத் தெரிஞ்சா, வந்து சொல்லுங்க. நான் சொன்னது சரியா இல்லையான்னு அப்பதான் எனக்கே தெரியும்.”

அதற்குப் பிறகு காபி வந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பூங்கொடியைப் பார்க்க மார்க்கெட்டுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். வஞ்சிரம் வாங்கினேன். கேட்க வாய் வரவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால், மேற்கு வாசலில் நுழைந்ததும் இடது கைப் பக்கம் இருப்பாள். கேட்பதும் கேட்காததும் உங்கள் இஷ்டம். கேட்டீர்களென்றால் எனக்குச் சொல்லவேண்டாம், அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்.